பக்தியை அளந்து வாக்குப் போட்டேன்

2022 ஒக்டோபர் 24 இரவு, வேலை முடிந்து வந்த யூனிஃபோமோடேயே சமையலறை மேசையில் ஃபோனை வைத்துக்கொண்டு தேர்தல் முடிவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேயர் யார், கவுன்சிலர் யார் என்பதெல்லாம் அன்று எனக்குப் பெரிய விஷயமில்லை. பட்டியலின் அடியில், யாரும் எட்டிப் பார்க்காத இடத்தில் இருக்கும் கத்தோலிக்கக் கல்விச் சபை உறுப்பினர் பதவிக்கு, நான் ஒரு மாதத்துக்கு மேல் அலைந்து வேலை செய்த ஆள் வென்றிருந்தார். மகளின் அறைக் கதவைத் தட்டி, "எங்கட ஆள் வெண்டிட்டார் பிள்ளை" என்றேன். அவள் ஹெட்ஃபோனைக் கழற்றாமலே கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். ஏழு மாதம் கழித்து, எந்தப் பிள்ளையை நினைத்து அவருக்கு வேலை செய்தேனோ அந்தப் பிள்ளைக்கு எதிராக அவர் கை உயர்த்தினார். அதைப் பார்வையாளர் வரிசையில் இருந்து நான் பார்த்தேன். கல்விச் சபையின் பெயரையோ அவருடைய பெயரையோ இங்கே எழுதப் போவதில்லை. என் மகள் இன்னும் இதே ஊருக்குத்தான் விடுமுறைக்கு வந்து போகிறாள்.

முதலில் இந்த ஏற்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் அரசுப் பணத்தில் நடக்கும் பாடசாலைகள் நான்கு வகை. ஆங்கிலப் பொது, ஆங்கிலக் கத்தோலிக்கம், பிரெஞ்சுப் பொது, பிரெஞ்சுக் கத்தோலிக்கம். கத்தோலிக்கப் பாடசாலைகளுக்கான உரிமை 1867ஆம் ஆண்டு அரசியலமைப்பிலேயே இருக்கிறது. நான்கு வருடத்துக்கு ஒருமுறை ஒக்டோபர் மாதம் நகரசபைத் தேர்தல் நடக்கும்போது அதே வாக்குச் சீட்டில், இந்தப் பாடசாலைகளை நடத்தும் கல்விச் சபையின் உறுப்பினரையும் தெரிவு செய்கிறோம். கத்தோலிக்கச் சபைக்குப் போட்டியிடுபவர் கத்தோலிக்கராக இருக்க வேண்டும் என்பது சட்டம். அதாவது அந்தச் சீட்டில் இருக்கிற எல்லோருக்கும் மதம் ஒன்றுதான். "இவர் எந்த மதம், அது என் பிள்ளைக்கு ஆபத்தா" என்ற கேள்வி அங்கே பிறக்கவே கூடாது. ஆனால் என் மனதில் பிறந்தது. மதத்தைப் பார்க்க முடியாததால் பக்தியின் அளவைப் பார்த்தேன். யார் பூசைக்கு அடிக்கடி வருகிறார், யார் வருவதில்லை என்று கணக்குப் போட்டேன்.

என் மகள் 2022 பெப்ரவரியில், பத்தாம் வகுப்பில் படிக்கும்போது, என்னிடம் சொன்னாள். காருக்குள், வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்க, முகத்தைப் பார்க்காமல் கண்ணாடியைப் பார்த்துச் சொன்னாள். "அம்மா, எனக்குப் பெடியங்களை அப்பிடிப் பிடிக்காது. பெட்டையளைத்தான்." நான் உடனே அவளைக் கட்டிப் பிடித்தேன் என்று எழுத ஆசைதான். உண்மையில் நான் வைப்பரைப் போட்டேன், நிறுத்தினேன், மறுபடி போட்டேன். "அப்பாவுக்குச் சொல்லாதே" என்பதுதான் என் வாயில் வந்த முதல் வார்த்தை. இன்றுவரை அவள் அதை எனக்குச் சொல்லிக் காட்டவில்லை. நான்தான் எனக்குச் சொல்லிக் காட்டிக்கொண்டிருக்கிறேன்.

அதைவிடப் பழைய கடன் ஒன்று இருக்கிறது. 2015இல் மாகாண அரசு பாலியல் கல்விப் பாடத்திட்டத்தைப் புதுப்பித்தபோது நாங்கள் ஸ்காபரோவில் இருந்தோம். பூசை முடிந்து வெளியே வரும்போது யாரோ நீட்டிய எதிர்ப்பு மனுவில் நான் கையெழுத்துப் போட்டேன். ஒரு வரிகூட வாசிக்கவில்லை. அடுத்த வருடம் ஸ்காபரோ - ரூஜ் றிவர் இடைத்தேர்தல் வந்தது. எதிர்க்கட்சித் தலைவரின் பெயரில், நாங்கள் வந்தால் அந்தப் பாடத்திட்டத்தை நீக்குவோம் என்று ஒரு கடிதம் அந்தத் தொகுதியில் விநியோகிக்கப்பட்டது. பக்கத்து வீட்டுச் சீன அம்மா காட்டினார். எனக்கு நிம்மதியாக இருந்தது. வாக்களிப்புக்குச் சில நாட்கள் முன்பு அந்தத் தலைவரே கடிதம் தவறு என்று பின்வாங்கினார். எனக்குக் கோபம் வந்தது. அப்போது என் மகளுக்குப் பத்து வயது. அந்தப் பாடத்தைக் கொண்டுவந்த முதல்வர் கத்லீன் வின் ஒரு பெண்ணை மணந்தவர் என்பதால் அவருக்குச் சாமி பயம் இல்லை என்று நாங்கள் கோவில் வாசலில் நின்று கதைத்தோம். அவர் ஐக்கிய திருச்சபையைச் சேர்ந்தவர், கோவிலில்தான் திருமணம் செய்தார் என்பதெல்லாம் எனக்குத் தெரிந்தது பல வருடம் கழித்து. அந்தத் திருச்சபை 1988இலேயே தற்பாலீர்ப்பாளர்கள் குருவாகலாம் என்று தீர்மானித்த சபை. "கிறிஸ்தவர்" என்ற ஒரே சொல்லுக்குள் எவ்வளவு தூரம் இருக்கிறது பாருங்கள்.

சரி, 2022க்கு வருகிறேன். மகள் சொன்ன பிறகு இரவில் தூக்கம் இல்லை. பாடசாலையில் இவளை என்ன செய்வார்கள் என்ற பயம்தான். தேர்தல் வருகிறது என்றதும் இதிலாவது ஏதாவது செய்யலாம் என்று பிடித்துக்கொண்டேன். முதல் அடி வாக்காளர் பட்டியலிலேயே விழுந்தது. எங்கள் நகரத்தில் இணையத்தில் வாக்களிக்கலாம். தபாலில் வந்த விபரத்தைச் சரிபார்த்தபோது என் பெயருக்கு நேரே ஆங்கிலப் பொதுக் கல்விச் சபை என்று இருந்தது. இரண்டு பிள்ளைகளும் கத்தோலிக்கப் பாடசாலையில், நான் ஞானஸ்நானம் பெற்றவள், பாசையூர் அந்தோனியார் கோவில் திருநாளில் வளர்ந்தவள். ஆனால் வீடு மாறியபோது, எந்தச் சபைக்கு ஆதரவு என்று சொல்லும் கல்வி ஆதரவுப் படிவத்தைத் திரும்ப நிரப்பவில்லை. நிரப்பாவிட்டால் அவர்கள் தாமாகவே ஆங்கிலப் பொதுச் சபையில் போட்டுவிடுவார்கள். 2018 தேர்தலில் நான் யாரோ எனக்குச் சம்பந்தமில்லாத சபைக்கு வாக்குப் போட்டிருக்கிறேன், அதுவும் தெரியாமல். இதைச் சரிசெய்ய நகரசபை அலுவலகத்துக்கு இரண்டு தடவை போனேன். முதல் தடவை முகவரியைக் காட்டும் அத்தாட்சி கொண்டு போகவில்லை. உங்கள் வீட்டிலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். கணவருக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று, பதினெட்டு வயதான பிள்ளைக்கு வேறொன்று என்று இருப்பது சாதாரணம். வாடகைக்கு இருப்பவர்களும் இதைத் தெரிவு செய்யலாம்.

எங்கள் வட்டாரத்தில் மூன்று பேர் போட்டியிட்டார்கள். ஒருவரைப் பற்றிச் சொல்ல எதுவுமில்லை, துண்டுப் பிரசுரம்கூட வரவில்லை. இன்னொருவர் ஓய்வுபெற்ற ஆசிரியை, ஒரு பிலிப்பினோ அம்மா. தினமும் காலைப் பூசைக்கு வருவார். செபமாலைக் குழுவை நடத்துபவர். அவருடைய பிரசுரத்தில் முதல் வரியே விசுவாசம்தான். மூன்றாமவர் எங்கள் தமிழ்த் தம்பி. நத்தாருக்கும் பெரிய வெள்ளிக்கும்தான் கோவிலில் காணலாம். நல்ல பேச்சு, நல்ல சிரிப்பு, வீடு விற்கும் தொழில். "எல்லாப் பிள்ளையளும் எங்கட பிள்ளையள்தான் அக்கா" என்று முதல் சந்திப்பிலேயே சொன்னார். நான் மனதுக்குள் போட்ட கணக்கு இதுதான்: அந்த அம்மா பக்தி கூடியவர், ஆகவே என் மகளுக்கு எதிரி. தம்பி பக்தி குறைந்தவர், ஆகவே பயமில்லை. தமிழர் என்பதும் மனதில் இருந்தது, மறைக்கவில்லை.

அவரிடம் நேரே கேட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். முடியவில்லை. "தற்பாலீர்ப்பாளர்களின் வானவில் கொடி பற்றி உங்கள் நிலைப்பாடு என்ன" என்று ஒரு தமிழ் அம்மா கேட்டால், அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் "அவ ஏன் கேக்கிறா? வீட்டில ஏதும் பிரச்சினையோ?" என்று ஊர் முழுக்கக் கதை ஓடும். மகள் யாரிடமும் சொல்லாதபோது என் கேள்வியே அவளைக் காட்டிக் கொடுத்துவிடும். என்னைப் போன்ற வாக்காளர்களுக்கு இதுதான் பெரிய இடைஞ்சல் என்று இப்போது நினைக்கிறேன். எங்களுக்குக் கேள்வி கேட்கப் பயம். கேட்க முடியாத இடத்தில்தான் கழுத்தில் தொங்கும் சிலுவையைப் பார்த்து, நெற்றியைப் பார்த்து, தலையில் கட்டிய துணியைப் பார்த்து ஒரு முடிவுக்கு வருகிறோம்.

ஆக, கேட்காமலே வேலை செய்தேன். ஐந்து வாரம் சனி ஞாயிறுகளில் பிரசுரம் போட்டேன். முதியோர் பராமரிப்பு நிலையத்தில் எனக்கு மணித்தியாலத்துக்கு 22 டொலர். நான்கு ஷிஃப்டுகளை வேறு ஆளுக்குக் கொடுத்தேன். ஏழரை மணித்தியாலம் வீதம் அது 660 டொலர். கூடவே 400 டொலர் நன்கொடை. உறையில் காசாகக் கொண்டு போனேன். "25 டொலருக்கு மேல காசா வாங்கக் கூடாது அக்கா, செக் எழுதுங்கோ" என்றார். சட்டம் தெரிந்த ஆள் என்று மதிப்புக் கூடியது. செக் எழுதினேன். ஒருவர் ஒரு வேட்பாளருக்கு 1,200 டொலர் வரை கொடுக்கலாம், ஆனால் கட்சி நன்கொடைபோல இதற்கு வருமான வரிச் சலுகை கிடையாது. இவை எனக்குப் பிறகுதான் தெரிந்தன. எனக்குத் தெரியாமல் போன இன்னொன்றுதான் வீட்டுக்குள் வந்து அடித்தது: 100 டொலருக்கு மேல் கொடுத்தால், வேட்பாளர் சமர்ப்பிக்கும் கணக்கில் உங்கள் பெயர் வரும். அந்தக் கணக்கை யாரும் பார்க்கலாம்.

2023 வசந்த காலத்தில் கொடிப் பிரச்சினை கிளம்பியது. ஜூன் மாதம் சபையின் தலைமை அலுவலகத்தில் வானவில் கொடி ஏற்றுவதா வேண்டாமா என்பதுதான் விடயம். ரொறன்ரோ கத்தோலிக்கச் சபை 2021இலேயே ஏற்ற முடிவு செய்திருந்தது. யோர்க் கத்தோலிக்கச் சபை 2023 மே 29 அன்று 6க்கு 4 என்ற வாக்கில் வேண்டாம் என்றது. இரண்டும் ஒரே பேராயரின் எல்லைக்குள், கத்தோலிக்கத் திருச்சபையின் போதனைகளைத் தொகுத்த ஒரே மறைக்கல்வி நூலை வைத்திருப்பவை. முடிவு மட்டும் இரண்டு. எங்கள் சபையில் கூட்டத்தன்று வாசலில் ஒரு பக்கம் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள், மறு பக்கம் பிள்ளைகள் அட்டைகளோடு நின்றார்கள். நான் இரண்டுக்கும் நடுவில், கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஏதோ வேறு அலுவலாக வந்தவள்போல உள்ளே போனேன். பேசுவதற்குப் பதிவு செய்யும் நேரம் முந்தைய நாளோடு முடிந்துவிட்டது. எங்கள் சபையில் நிகழ்ச்சி நிரல் சில நாட்கள் முன்பே இணையத்தில் வரும், பேச விரும்புவோர் அதற்குள் எழுத்தில் கேட்க வேண்டும். நான் பேசியிருப்பேனா என்பது வேறு கதை.

அன்று பேசப் பதிவு செய்திருந்தவர்களில் அந்தப் பிலிப்பினோ அம்மாவும் இருந்தார். தேர்தலில் தோற்றவர். சரி, கிழித்துப் போடப் போகிறார் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவர் மறைக்கல்வி நூலைத் திறந்து 2358ஆம் பத்தியை வாசித்தார். இவர்களை மதிப்போடும் பரிவோடும் கனிவோடும் ஏற்றுக்கொள்ள வேண்டும், நீதியற்ற பாகுபாட்டின் எந்த அடையாளமும் இருக்கக் கூடாது என்று சொல்கிற பத்தி. அதற்கு முந்தின பத்தியை அவருக்கு முன் பேசியவர் வாசித்திருந்தார். அது ஒரே பாலினத்தவரின் உறவை ஒழுங்குக்கு மாறானது என்கிற பத்தி. ஒரே பக்கம், இரண்டு பேர், இரண்டு வரி. பிறகு அந்த அம்மா சொன்னதை எனக்கு நினைவிருக்கிற அளவில் எழுதுகிறேன்: "எனக்குக் கொடி மேல் பெரிய ஆசை இல்லை. முப்பது வருடம் படிப்பித்தவள். அழுதுகொண்டு கழிப்பறையில் ஒளிந்த பிள்ளைகளைக் கண்டவள். கொடி வேண்டாம் என்று சொல்பவர்கள் அந்தப் பிள்ளைகளுக்கு என்ன செய்யப் போகிறீர்கள் என்று எழுதித் தாருங்கள், பிறகு வாக்களியுங்கள்." யாரும் எழுதித் தரவில்லை.

எங்கள் தம்பி பேசும்போது வேதமும் இல்லை, பத்தியும் இல்லை. "எனக்கு வந்த ஈமெயில்களில் பெரும்பாலானவை எதிர்ப்பு. பெற்றோரின் குரலை நான் மதிக்கிறேன்" என்றார். எதிர்த்து வாக்களித்தார். மாணவ உறுப்பினர் ஆதரவாகக் கை உயர்த்தினார், ஆனால் மாணவ உறுப்பினரின் வாக்கு பதியப்படுமே தவிர எண்ணப்படாது. தீர்மானம் தோற்றது. அந்த ஈமெயில் கணக்கில் என் ஈமெயில் ஒன்றுகூட இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. 1,060 டொலரையும் ஐந்து வார இறுதியையும் கொடுத்த நான், நான்கு வரி எழுதிப் போடவில்லை. அவருக்குப் பக்தி இல்லை என்று நம்பினேன், அது சரிதான். அவரிடம் பிடிமானமாக வேறொன்றும் இல்லை என்பதை நான் பார்க்கவில்லை. எந்தப் பக்கத்துக் காற்று பலமோ அந்தப் பக்கம் சாய்ந்தார்.

ஒரு கிழமை கழித்து மகள் பாடசாலையால் வந்து சாப்பிடாமல் மேலே போனாள். கூடப் படிக்கிற ஒரு பிள்ளை, எதிர்த்து வாக்களித்தவர்களுக்கு யார் பணம் கொடுத்தது என்று தேடி, பட்டியலை அவர்களுடைய வட்ஸப் குழுவில் போட்டிருக்கிறது. "உன்ர அம்மாவின்ர பெயர் இருக்கு" என்று. நான் ஏன் கொடுத்தேன் என்று அவளிடம் அதுவரை சொல்லவே இல்லை. தமிழ் ஆள் என்று கொடுத்தேன் என நினைத்திருந்தாளாம். அன்றிரவு கட்டில் ஓரத்தில் இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். 2015இல் போட்ட கையெழுத்தையும் சேர்த்துத்தான். அவள் நீண்ட நேரம் பேசவில்லை. பிறகு, "அம்மா, நீங்க என்னட்டக் கேட்டிருக்கலாம். எங்கட ஸ்கூலில எல்லாருக்கும் தெரியும் அந்த மிஸ்ஸைப் பற்றி" என்றாள். அந்தப் பிலிப்பினோ அம்மா ஓய்வு பெற முன் படிப்பித்தது இவளுடைய பாடசாலைக்குப் பக்கத்துப் பாடசாலையில். பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு அவரைத் தெரிந்திருக்கிறது. வேட்பாளர் தொழிலால் ஆசிரியராகவோ பயிற்சியாளராகவோ இருந்திருந்தால், அவரிடம் இருந்த பிள்ளைகளைக் கேளுங்கள். பிரசுரம் ஒருபக்கம் கிடக்கட்டும்.

இதற்குப் பிறகு நான் கொஞ்சம் வாசிக்கத் தொடங்கினேன், கோபத்தில்தான். முதலில் தெரிந்துகொண்டது இந்தப் பதவியில் இருப்பவரால் எதைச் செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது என்பது. பாடத்திட்டம் மாகாண அரசின் கையில். ஒன்ராறியோ மனித உரிமைச் சட்டத்தில் பாலீர்ப்பு 1986இலும், பாலின அடையாளம் 2012இலும் சேர்ந்துவிட்டன. அதை ஒரு சபை உறுப்பினர் ஜெபித்தாலும் மாற்ற முடியாது. 2012இல் வந்த சட்டத்தின்படி, பிள்ளைகள் ஜிஎஸ்ஏ (கே-ஸ்ட்ரெய்ட் அலையன்ஸ், தற்பாலீர்ப்புப் பிள்ளைகளும் அவர்களுக்குத் துணை நிற்பவர்களும் சேரும்) மன்றம் வைக்கக் கேட்டால், கத்தோலிக்கப் பாடசாலையாக இருந்தாலும், அந்தப் பெயரையே மறுக்க முடியாது. மகளின் பாடசாலையில் அதற்கு "அன்பு வட்டம்" என்ற மாதிரி ஏதோ பெயர் வைத்தால் நல்லது என்று மெதுவாகத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். சட்டத்தின் அந்தப் பிரிவை அச்சடித்துக் கொண்டு போய் மேசையில் வைத்ததும் பேச்சு முடிந்தது. பத்து நிமிடம்கூட ஆகவில்லை. கொடி, நடத்தைக் கோவை, எந்தப் பயிற்சிக்கு ஆசிரியர்களை அனுப்புவது, கல்விப் பணிப்பாளராக யாரை எடுப்பது, இவைதான் உறுப்பினர்களின் கையில். அதுவும் 2025இல் மாகாண அரசு சில சபைகளைத் தன் நேரடி மேற்பார்வையில் எடுத்தபோது அங்கே உறுப்பினர்கள் முடிவெடுக்கும் அதிகாரமே இல்லாமல் இருந்தார்கள். ஆகவே ஒருவரின் மதத்தைப் பார்த்துப் பயப்பட முன், அந்த நாற்காலிக்கு எவ்வளவு நீளக் கை என்று பாருங்கள்.

மதம் முக்கியமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்வது பொய். 2002இல் ஒஷாவாவில் ஒரு கத்தோலிக்கப் பாடசாலை மாணவன் தன் காதலனை ஆண்டிறுதி நடன விருந்துக்குக் கூட்டிப் போக நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. மறுத்தவர்கள் சொன்ன காரணம் மதம்தான். நீதிமன்றம் அவன் பக்கம் நின்றது. ஆனால் 1960களின் இறுதியில் ஒரே பாலினத்தவரின் உறவைக் குற்றப் பட்டியலில் இருந்து எடுக்கும் மசோதாவைக் கொண்டுவந்த பியர் ட்ரூடோ கத்தோலிக்கர். 2005இல் நாடு முழுக்க ஒரே பாலினத் திருமணத்தைச் சட்டமாக்கிய போல் மார்ட்டினும் பூசைக்குப் போகிற கத்தோலிக்கர்தான். மதத்தைத் தொடாமல் "இதெல்லாம் எங்கட கலாசாரத்தில இல்லை" என்று ஒற்றை வரியில் முடிக்கிற நாத்திகத் தமிழர்களையும் எனக்குத் தெரியும். என் அண்ணையே அந்த ரகம், சாமி படம்கூட வீட்டில் இல்லை. மதப் பெயரை வைத்து எனக்கு ஒன்றுதான் கிடைக்கும்: யாரிடம் எந்தக் கேள்வியைக் கேட்பது என்ற ஒரு துப்பு. பதில் அதில் இல்லை.

கேள்வியை எப்படிக் கேட்பது, பிள்ளையைக் காட்டிக் கொடுக்காமல்? நான் கண்டுபிடித்த வழிகளைச் சொல்கிறேன். "உங்கள் மதம் என்ன சொல்கிறது" என்று கேட்காதீர்கள், எல்லோரும் அன்பு என்றுதான் சொல்வார்கள். நடந்த ஒன்றைப் பிடித்துக் கேளுங்கள். யோர்க்கில் 2023இல் நடந்த வாக்கெடுப்பில் நீங்கள் இருந்திருந்தால் எப்படி வாக்களித்திருப்பீர்கள்? பிள்ளைகள் மன்றத்துக்குப் பெயர் வைக்கும்போது ஒரு அதிபர் தடுத்தால் என்ன செய்வீர்கள்? உங்களுக்கு வரும் ஈமெயில்களில் அதிகமானவை ஒரு பக்கமும் சட்டம் மறு பக்கமும் இருந்தால்? இந்தக் கடைசிக் கேள்வியை மட்டும் நான் 2022இல் கேட்டிருந்தால் 1,060 டொலர் மிஞ்சியிருக்கும். கேட்பதை எழுத்தில் கேளுங்கள், ஐந்தாறு வேறு கேள்விகளோடு கலந்து. பஸ் வசதி, வகுப்பில் எத்தனை பிள்ளைகள், கணக்குப் பாடம், அப்புறம் இது. அப்போது யாரும் உங்கள் வீட்டை எட்டிப் பார்க்க மாட்டார்கள். வேட்பாளர் கூட்டங்களில் கேள்வியைத் துண்டில் எழுதிக் கொடுக்கும் வழக்கம் உண்டு, பெயர் தேவையில்லை. ஏற்கெனவே பதவியில் இருந்தவர் என்றால் பேச்சைவிடக் கூட்டக் குறிப்பு நல்லது, பெயர் சொல்லி வாக்கெடுப்பு நடந்திருந்தால் யார் எப்படி என்று அதில் இருக்கும். நான் ஒரு ஞாயிறு பின்னேரம் இருந்து மூன்று வருடக் குறிப்புகளைப் பார்த்தேன். அலுப்பான வேலைதான், ஆனால் பிரசுரம் போடுவதைவிடக் குறைந்த நேரம்.

பணம் கொடுப்பதென்றால், பதில் எழுத்தில் வந்த பிறகு கொடுங்கள். பெயர் பட்டியலில் வரக் கூடாது என்றால் 100 டொலரோடு நிறுத்துங்கள். பிஃப்ளாக் என்று இப்படிப்பட்ட பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு அமைப்பு கனடா முழுக்க இருக்கிறது. நான் அங்கே போனது 2023 இலையுதிர் காலத்தில், எல்லாம் முடிந்த பிறகு. முதல் நாளே போயிருந்தால் இந்தக் கேள்விகளை என் பெயர் இல்லாமல் கேட்டுத் தர அங்கே ஆட்கள் இருந்தார்கள். நான் தனியாக ஒரு வருடத்துக்கு மேல் பயந்துகொண்டு திரிந்தது எவருக்கும் உதவவில்லை. இவருக்கு, அதாவது மகளின் அப்பாவுக்கு, அவளே 2024இல் சொன்னாள். அவர் இரண்டு நாள் பேசவில்லை, மூன்றாம் நாள் அவளுடைய காருக்கு வின்ரர் டயர் மாற்றினார். அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை.

போன ஆண்டு முடிவில் ஒரு காலைப் பூசைக்குப் பிறகு அந்தப் பிலிப்பினோ அம்மாவிடம் போய், நான் உங்களுக்கு வாக்குப் போடவில்லை என்று சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை, பாவசங்கீர்த்தனம் மாதிரி வந்துவிட்டது. அவர் சிரித்துவிட்டு, "பெரும்பாலானவர்கள் போடவில்லை" என்றார். 2026 ஒக்டோபர் 26க்கு மறுபடி நிற்பீர்களா என்று கேட்டேன். முழங்கால் அனுமதித்தால் என்றார். நின்றால் அவருக்கும் அதே ஈமெயில் போகும், அதே கேள்விகளோடு, இந்த முறை என் முழுப் பெயரில். அவருடைய கொடி பற்றிய பதில் எனக்குப் பிடிக்காமலும் போகலாம். வீட்டுக்கு வந்து மகளிடம் இதை ஃபோனில் சொன்னேன். அவள் இப்போது பல்கலைக்கழகத்தில். "உன்ர வாக்காளர் பட்டியலைச் சரி பாத்தியா, பிழையான சபையில போட்டிருப்பாங்கள்" என்றேன். "பாத்தனான் அம்மா. கத்தோலிக்கச் சபையில இருந்தது. நான்தான் பொதுச் சபைக்கு மாத்தினனான்" என்றாள்.